மூச்சுக்குத் தவிக்கும் விழித்திரை

"நல்லாத்தானே தெரியுது? பேப்பர் படிக்கிறேன், தூரத்துல வர்ற பஸ்ஸுக்குப் போர்டு படிக்கிறேன். எனக்கு எதுக்குக் கண்ணுல ஊசி?"

குத்தாலம் பக்கத்துச் சித்தப்பா ஒருவர், மயிலாடுதுறை மணிக்கூண்டுப் பக்கத்து டீக்கடையில், சீனி போடாத டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். அவருக்குச் சுகர் வந்து வருஷம் பதினைந்துக்கு மேல் இருக்கும். கால் புண்ணைக் காட்டப் போன இடத்தில், கண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று அனுப்பியிருக்கிறார்கள். சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரிய வைத்து, ஸ்கேனும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு கண்ணிலும் புதிதாக ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கின்றன, வலது கண்ணில் நீர் கோத்த வீக்கமும் இருக்கிறது, லேசர் வைக்க வேண்டும், ஊசியும் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்து அவர் கேட்டதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. "ரத்தக்குழாய் புதுசா வளர்ந்தா நல்லதுதானே தம்பி? ரத்தம் அதிகமா ஓடினா கண்ணுக்குப் பலம்தானே?"

நியாயமான கேள்வி. அதற்கு அவசரமில்லாமல் பதில் சொல்ல வேண்டும்.

கண்ணின் பின்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய படலம் விழித்திரை. ரெட்டினா என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். அதன் தடிமன் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். ஆனால் எடைக்கு எடை பார்த்தால் உடம்பில் மிக அதிகமாக ஆக்சிஜன் செலவழிக்கும் திசுக்களில் அதுவும் ஒன்று. இதில் வியப்பான சங்கதி ஒன்று உண்டு. வெளிச்சத்தைவிட இருட்டில்தான் விழித்திரைக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படுகிறது. ஒளியை வாங்கும் செல்களுக்குள் இருட்டு நேரத்தில் ஒரு மின்னோட்டம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். வெளிச்சம் பட்டால்தான் அது தணியும். நாம் கண்ணை மூடித் தூங்கும் நேரத்திலும் விழித்திரை கடுமையாக உழைத்துக்கொண்டிருக்கிறது.

அதற்கு ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. பின்புறம் கோராய்டு என்ற ரத்தப் படலம். முன்புறம், பார்வை நரம்போடு கண்ணுக்குள் நுழைந்து, கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் தலைமுடியைவிட மெல்லிய தந்துகிகளாக முடியும் குழாய்கள். சித்தப்பாவின் சிக்கல் இந்த இரண்டாவது வழியில் இருக்கிறது.

ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் கூடியே இருந்தால் தந்துகியின் சுவர் கெடும். அந்தச் சுவரை வெளியிலிருந்து தழுவிப் பிடித்திருக்கும் பெரிசைட் என்ற செல்கள் ஆரம்பத்திலேயே சாகத் தொடங்குகின்றன. பிடிப்பு போன இடம் மணி மணியாகப் புடைக்கும். சில இடங்களில் கசியும். சில தந்துகிகள் அடைத்தே போகும். அடைத்த குழாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் விழித்திரைத் துண்டுக்கு ஆக்சிஜன் வராது.

இதைச் சொல்லும்போதே சித்தப்பா பிடித்துக்கொண்டார். "மேட்டூர் தொறந்தும் கடைமடைக்குத் தண்ணி வராத கதைதானே?"

அதேதான். ஜூன் 12ல் மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, ஆறு ஆறாகப் பிரிந்து, தரங்கம்பாடி, சீர்காழிப் பக்கத்துக் கடைசி வயலுக்கு வந்து சேர வேண்டும். நடுவில் வாய்க்கால் தூர்ந்துபோனால் கடைமடைக்காரர் சும்மா இருக்க மாட்டார். கிடைத்த இடத்தில் கரையை வெட்டுவார். அப்படி அவசரத்தில் வெட்டிய வாய்க்காலுக்குக் கரை நிற்காது. தண்ணீர் பயிர் இருக்கும் பக்கம் போகாமல் மேட்டிலும் தெருவிலும் பரவும். ஏற்கெனவே காய்ந்த வயல் காய்ந்தபடியே கிடக்கும். விழித்திரையில் புதிதாக முளைக்கும் ரத்தக்குழாய்களும் இந்த மாதிரிதான். கடைமடை வயல் குரல் கொடுப்பதுபோல அங்கே குரல் கொடுப்பது ஒரு புரதம்.

அந்தப் புரதம் எப்படிப் பிறக்கிறது என்பது நம் உடம்பின் நேர்த்தியான ஏற்பாடுகளில் ஒன்று. ஒவ்வொரு செல்லும் ஹெச்.ஐ.எஃப். என்ற புரதத்தை ஓயாமல் செய்துகொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்வரை, செய்த சில நிமிஷங்களிலேயே அதை அழித்தும் விடுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் அழிக்கும் வேலை நின்றுவிடும். ஹெச்.ஐ.எஃப். செல்லின் கருவுக்குள் போய், மூச்சுத் திணறலைச் சமாளிக்கத் தேவையான மரபணுக்களை எழுப்பும். இந்த ஏற்பாட்டைக் கண்டு சொன்னதற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா மூவருக்கும் 2019ல் மருத்துவ நோபல் கிடைத்தது. செய்வதும் அழிப்பதும் வீண்வேலையாகத் தோன்றலாம். ஆனால் ஆபத்து வந்த பிறகு முதலிலிருந்து செய்யத் தொடங்கினால் நேரமாகிவிடும். எப்போதும் தயாராக வைத்திருந்தால் உடனே கைகொடுக்கும்.

ஹெச்.ஐ.எஃப். எழுப்பும் மரபணுக்களில் ஒன்று வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் செய்கிறது. ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களை வளரச் சொல்லும் புரதம் அது. செல்லை விட்டு வெளியே வந்து பரவி, பக்கத்து ரத்தக்குழாயின் சுவரில் இருக்கும் ஏற்பியில் போய் ஒட்டும். ஒட்டிய இடத்தில் ஒரு செல் முனையாகத் தலை நீட்டி, புரதம் எந்தப் பக்கம் அடர்த்தியாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நகரும். பின்னால் வரும் செல்கள் பெருகிக் குழாயாகும்.

அதற்கு இன்னொரு வேலையும் தெரியும். உட்சுவர் செல்களுக்கு இடையே உள்ள இணைப்பைத் தளர்த்திவிடும். உடனே குழாய் கசியத் தொடங்கும். கசிந்த நீரும் கொழுப்பும், எழுத்துப் படிக்கவும் முகம் அடையாளம் காணவும் நமக்கு உதவும் விழித்திரையின் நடுப்பகுதியில் தேங்கினால், அதுதான் சித்தப்பாவின் வலது கண்ணில் இருக்கும் மாக்குலா வீக்கம்.

முளைத்த குழாய்கள் பட்டினி கிடக்கும் இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் புரதம் கண்ணுக்குள் நிறைந்திருக்கும் ஜெல்லியிலும் பரவிவிடுகிறது. குழாய்கள் விழித்திரையின் மேற்பரப்பில் ஏறி ஜெல்லிப் பக்கம் போகின்றன. அவற்றின் சுவருக்கு வலு கிடையாது. ஒரு தும்மலிலோ, தூக்கத்திலோ, ஒன்றுமே செய்யாதபோதோ ஒன்று உடையும். அப்போதுதான் "கண்ணுல புகை அடிச்ச மாதிரி இருக்கு", "கறுப்பாப் பூச்சி பறக்குது" என்று ஆட்கள் ஓடி வருகிறார்கள். குழாயோடு சேர்ந்து வளரும் தழும்புத் திசு சுருங்கி விழித்திரையையே பிய்த்து இழுக்கும். இந்தப் புரதம் கண்ணின் முன்பக்கம் வந்து, கண்மணியைச் சுற்றியுள்ள திரையில் குழாய்களை முளைக்க வைத்தால், கண்ணில் ஊறும் நீர் வடியும் வழி அடைபட்டு, தாங்க முடியாத வலியோடு கண் அழுத்தம் ஏறும்.

இவ்வளவும் நடப்பதற்கு முந்தைய நாள்வரை பேப்பர் படிக்கலாம். பஸ் போர்டும் தெரியும். குழாய்கள் முளைத்து நின்றும், நடுப்பகுதி தொடப்படாதவரை, சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படித்துவிடலாம். வலியும் இருக்காது. சித்தப்பா முதலில் கேட்டாரே, அதற்குப் பதில் இதுதான். கண் தெரிகிறதா என்பது வேறு சோதனை. விழித்திரை எப்படி இருக்கிறது என்பதற்கு உள்ளே பார்த்தே ஆக வேண்டும்.

"இத யாருப்பா கண்டுபுடிச்சது?" என்றார்.

ஒருவர் இல்லை. 1948ல் ஐசக் மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர், விழித்திரையில் ரத்தக்குழாய்கள் வளரும் ஒழுங்கைப் பார்த்துவிட்டு, விழித்திரையே ஏதோ ஒரு பொருளைச் சுரந்து குழாய்களை அழைக்கிறது என்று எழுதினார். அந்தப் பொருள் என்னவென்று பிடிபடாமல் பல பத்தாண்டுகள் போயின. இடையில் 1953ல் பால்சன் என்ற டென்மார்க் மருத்துவர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். பிரசவத்துக்குப் பிறகு அவருடைய பிட்யூட்டரி சுரப்பி செயலிழந்துபோனது. அதோடு சர்க்கரையால் வந்த விழித்திரைக் கோளாறும் குறைந்துவிட்டது. அதை நம்பிச் சில வருஷங்கள், கண் பார்வையைக் காப்பாற்ற மூளைக்கு அடியில் இருக்கும் அந்தச் சுரப்பியையே அழிக்கும் சிகிச்சை நடந்தது. பார்வை போகாமல் இருக்க மனிதர்கள் எதற்கெல்லாம் தலை கொடுத்தார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

1971ல் ஜூடா ஃபோக்மன் என்ற பாஸ்டன் அறுவை மருத்துவர், புற்றுநோய்க் கட்டி தனக்கு வேண்டிய ரத்தக்குழாய்களைத் தானே வரவழைத்துக்கொள்கிறது, அந்த அழைப்பைத் தடுத்தால் கட்டியை ஒடுக்கலாம் என்றார். அன்று பலர் நம்பவில்லை. 1983ல் ஹெரால்ட் டுவோராக், டொனால்ட் செங்கர் குழுவினர், கட்டியிலிருந்து ரத்தக்குழாயைக் கசிய வைக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1989ல் நெப்போலியோனே ஃபெர்ராரா என்ற இத்தாலிய விஞ்ஞானி, அமெரிக்காவில் ஜெனன்டெக் நிறுவனத்தில், மாட்டின் பிட்யூட்டரி செல்களிலிருந்து ரத்தக்குழாயை வளர்க்கும் புரதத்தைப் பிரித்தார். கசிய வைப்பதும் வளர்ப்பதும் ஒரே புரதம் என்று பிறகுதான் புலப்பட்டது. 1994ல் லாய்ட் ஐயெல்லோ குழுவினர், கண் அறுவை செய்துகொண்ட 164 பேரின் கண்ணுக்குள் இருக்கும் நீர்மத்தை எடுத்து அளந்தார்கள். புதுக்குழாய்கள் தீவிரமாக முளைத்த கண்களில் வி.இ.ஜி.எஃப். ஏறியிருந்தது, லேசர் வைத்து அடங்கிய கண்களில் இறங்கியிருந்தது. மைக்கேல்சன் ஊகித்த பொருள் நாற்பத்தாறு வருஷம் கழித்துக் கையில் அகப்பட்டது. இந்த வேலையில் பங்கெடுத்த ஏழு பேருக்கு 2014ல் போர்ச்சுகல் நாட்டின் ஷாம்பலிமோ பார்வை விருது கொடுத்தார்கள். அந்த விருதை முதன்முதலில், 2007ல், வாங்கியது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. ஒரு பக்கம் புரதத்தைக் கண்டவர்கள், இன்னொரு பக்கம் பார்வை இழக்கும் ஏழையின் வாசல்வரை போனவர்கள். இரண்டும் சேர்ந்தால்தான் குத்தாலத்துக் கண் பிழைக்கும் என்பதால் எனக்கு இந்தப் பொருத்தம் பிடிக்கும்.

"அப்ப இந்தப் புரதத்த மொத்தமா ஒழிச்சுட்டா என்ன?"

ஒழிக்கக் கூடாது. 1996ல் சுண்டெலிகளை வைத்து இரண்டு குழுக்கள் தனித்தனியே சோதித்தன. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என வரும் இரண்டு வி.இ.ஜி.எஃப். மரபணுக்களில் ஒன்று மட்டும் இல்லாமல் செய்தார்கள். குட்டிகள் கருவிலேயே செத்துப்போயின. பாதி அளவு புரதம்கூடப் போதவில்லை. நம் சிறுநீரகத்தின் வடிகட்டிக்கும், புண் ஆறுவதற்கும், சித்தப்பாவின் கால் புண் ஆறுவதற்கும்கூட அது வேண்டும். இடமும் காலமும் தப்பிச் சுரக்கும்போதுதான் அது கேடாகிறது.

அதற்கு நல்ல சாட்சி கண்ணின் முன்பக்கத்திலேயே இருக்கிறது. கார்னியா என்ற கருவிழியில் ஒரு ரத்தக்குழாய்கூடக் கிடையாது. இருந்தால் கண்ணாடிபோல் தெளிவாக இருக்காது. ஆனால் கருவிழியிலும் வி.இ.ஜி.எஃப். இருக்கிறது. பிறகு எப்படிக் குழாய் முளைக்காமல் இருக்கிறது? வேலூரில் பிறந்து அமெரிக்காவில் மருத்துவரான பாலமுரளி அம்பாட்டியும் அவர் அண்ணன் ஜெயகிருஷ்ணா அம்பாட்டியும் சக ஆய்வாளர்களோடு 2006ல் 'நேச்சர்' இதழில் விடை சொன்னார்கள். கருவிழி, வி.இ.ஜி.எஃப். வந்து ஒட்டும் ஏற்பியின் ஒரு துண்டைத் தனியாகச் செய்து மிதக்க விடுகிறது. புரதம் குழாய்ச் சுவருக்குப் போவதற்கு முன்னால் அந்தத் துண்டில் சிக்கிக்கொள்கிறது. இதை உறுதி செய்ய அவர்கள் பல விலங்குகளின் கருவிழியைப் பார்த்தார்கள். ஃபுளோரிடா கடலோரத்து மானட்டீ என்ற விலங்குக்குக் கருவிழியில் ரத்தக்குழாய் உண்டு. அதன் கருவிழியில் அந்தத் துண்டு இல்லை. அதன் உறவுக்கார விலங்குகளான யானைக்கும் கடற்பசுவுக்கும் கருவிழி தெளிவு. அவற்றில் துண்டு இருக்கிறது.

கடற்பசு நமக்குப் பழக்கமான விலங்கு. ஆவுளியா என்று நம் மீனவர்கள் சொல்வார்கள். அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம்வரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022ல் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நம் டெல்டாவின் தெற்கு ஓரத்தில் கடல்புல் மேயும் அந்த விலங்கின் கருவிழியில் இருக்கும் உபாயத்தைத்தான், இன்று கண்ணில் போடும் ஊசிமருந்து ஒன்றும் கையாளுகிறது. அஃப்லிபெர்செப்ட் என்ற மருந்து, அந்த ஏற்பிகளின் துண்டுகளை ஒட்டிச் செய்தது. 2011ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஊசிக்குப் போவதற்கு முன்னால் லேசரைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் சித்தப்பாவுக்கு இரண்டும் எழுதியிருக்கிறார்கள், லேசரைப் பழைய வைத்தியம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

ஜெர்மனியின் கெர்ட் மேயர்-ஷ்விக்கெராத் என்ற மருத்துவர், 1945 ஜூலை சூரிய கிரகணத்தைப் பார்த்து விழித்திரை சுட்டுக்கொண்டவரின் கண்ணில் தழும்பைப் பார்த்தார். ஒளியால் விழித்திரையில் தழும்பு போட முடியுமென்றால் அதையே சிகிச்சையாக்கலாமே என்று யோசித்தார். முதலில் சூரிய ஒளியையும் பிறகு செனான் விளக்கையும் பயன்படுத்தினார். லேசர் அதற்குப் பின்னால் வந்தது. 1976ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு, புதுக்குழாய் முளைத்த சர்க்கரைக் கண்களில் லேசர் வைத்தால் கடுமையான பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்று காட்டியது. லேசர் நேராகக் குழாயைச் சுடுவதில்லை. விழித்திரையின் ஓரப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான புள்ளிகளாகச் சுட்டு, ஆக்சிஜனை அதிகம் தின்னும் செல்களில் ஒரு பங்கைக் குறைக்கிறது. கேட்கும் வாய் குறைந்தால் இருப்பது மற்றவர்களுக்குப் போதும். தவிப்பு அடங்கும், புரதம் இறங்கும், குழாய்கள் வாடும். ஓரப் பார்வையும் இருட்டுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். நடுப் பார்வையைக் காப்பாற்றக் கொடுக்கும் விலை அது.

ஊசியின் கதை வேறு. ஃபெர்ராரா குழு வி.இ.ஜி.எஃப். புரதத்தைப் பிடித்துக் கட்டும் எதிர்ப்பொருள் ஒன்றைச் செய்தது. பெவாசிசுமாப் என்ற அந்த மருந்து 2004ல் குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. அவாஸ்டின் என்ற பெயரில் அறிவார்கள். அதே புரதத்தைப் பிடிக்கும் சின்ன வடிவமான ரானிபிசுமாப் என்ற மருந்தைக் கண்ணுக்கென்றே செய்து, 2006ல் அனுமதி வாங்கினார்கள். ஆனால் அதற்கு முந்தைய வருஷமே மயாமியில் ஃபிலிப் ரோசன்ஃபெல்ட் என்ற மருத்துவர், புற்றுநோய் மருந்தையே துளியளவு எடுத்துக் கண்ணில் போட்டுப் பார்த்திருந்தார். வேலை செய்தது. அன்று அமெரிக்காவில் கண்ணுக்கென்று வந்த மருந்து ஓர் ஊசிக்கு ஏறக்குறைய 2,000 டாலர். பிரித்துப் போடும் அவாஸ்டின் 50 டாலர். வயதானவர்களுக்குக் கோராய்டு பக்கத்திலிருந்து குழாய் முளைக்கும் மாக்குலா நோயில், இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன் தருகின்றன என்று 2011ல் அமெரிக்க அரசு நிதியில் நடந்த ஆய்வு சொன்னது. 2013ல் உலக சுகாதார நிறுவனம் அவாஸ்டினைக் கண்ணுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2015ல் இந்தியாவின் இன்டாஸ் நிறுவனம் ரானிபிசுமாபுக்கு நிகரான உயிரிமருந்தைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. எந்த மருந்து, என்ன விலை, ஏன் இது என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்கலாம். விலை கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் ஊரில் பலர் தயங்கி, கடைசியில் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். முதலிலேயே கேட்பது நல்லது.

"வலிக்குமாப்பா?" என்று சித்தப்பா மெதுவாகக் கேட்டார். இவ்வளவு நேரம் அவர் கேட்க நினைத்தது இதுவாகத்தான் இருக்கும்.

மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவார்கள். போவிடோன் அயோடின் விட்டுக் கிருமி நீக்குவார்கள். அது கொஞ்சம் எரியும். கருவிழி முடியும் ஓரத்திலிருந்து மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளைப் பகுதியில், மயிரிழை போன்ற ஊசியால் 0.05 மில்லிலிட்டர் மருந்து போவது ஒரு நொடிக் காரியம். ஒரு சொட்டு அளவுதான். அழுத்துகிற மாதிரி இருக்கும். மறுநாள் கண் வெள்ளையில் சிவப்புத் திட்டு தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் அடுத்த சில நாட்களில் வலி கூடிக்கொண்டே போனாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ, இரவு பகல் பார்க்காமல் அதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உள்ளே கிருமி போவது அரிது. போனால் மணிக்கணக்கில் பார்வையைத் தின்றுவிடும்.

ஊசி ஏன் மாசாமாசம் என்றால், மருந்து புரதத்தைப் பிடிக்கிறதே தவிர, புரதம் சுரக்கும் காரணத்தை மாற்றுவதில்லை. சில வாரத்தில் மருந்து கரைந்துவிடும். பட்டினி கிடக்கும் விழித்திரை மறுபடி குரல் கொடுக்கும். அதனால் முதலில் மாதம் ஒன்றாகச் சில ஊசிகள், பிறகு ஸ்கேனில் வீக்கத்தைப் பார்த்து இடைவெளியைக் கூட்டுவார்கள். அண்மையில் வந்த ஃபாரிசிமாப் என்ற மருந்து, வி.இ.ஜி.எஃப். மட்டுமில்லாமல், குழாய்ச் சுவரைத் தளர்த்தும் ஆஞ்சியோபொயட்டின்-2 என்ற இன்னொரு புரதத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. பலருக்கு ஊசிகளுக்கு இடையே அதிக நாள் விட முடிகிறது.

இங்கேதான் என் கருத்து ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புதுக்குழாய்க்கு ஊசி மட்டும் போட்டாலும் லேசருக்கு ஈடான பலன் கிடைக்கும் என்று 2015ல் வந்த ஆய்வு காட்டியது. அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சொன்ன தேதிக்கு வந்தவர்கள். 2019ல் அமெரிக்காவில் வெளியான இன்னொரு ஆய்வு, நடுவில் நெடுநாள் வராமல் போய்த் திரும்பி வந்தவர்களைப் பார்த்தது. ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர்களின் கண், லேசர் வைத்துக்கொண்டவர்களின் கண்ணைவிட மோசமாகியிருந்தது. நடவு நேரத்தில், அறுவடை நேரத்தில், வீட்டில் ஒரு கல்யாணம் வந்தால், மழையில் சாலை அறுந்தால், நம் ஊர்க்காரர் எத்தனை பேர் மாதாமாதம் போவார்கள்? கும்பகோணத்துக்கோ புதுச்சேரிக்கோ கூட்டிப்போகப் பிள்ளைகளில் ஒருவர் லீவு போட வேண்டும். சித்தப்பாவுக்கு லேசரும் ஊசியும் சேர்த்து எழுதியவர் அவருடைய வாழ்க்கையையும் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

இது அவருடைய கண் மட்டும் சம்பந்தப்பட்டதும் இல்லை. 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. சங்கர நேத்ராலயா சென்னையில் நடத்தி 2009ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் அவர்களே பிறகு பார்த்தபோது நூற்றுக்குப் பத்துப் பேர். இவர்களில் எல்லோருக்கும் புதுக்குழாய் முளைத்துவிடவில்லை. ஆனால் யாருக்கு முளைக்கும் என்று பார்வையை வைத்துச் சொல்ல முடியாது. அரவிந்தும் சங்கர நேத்ராலயாவும் கொடுத்த விழித்திரைப் படங்களையும் வைத்துப் பயிற்றுவித்து, கூகுள் ஆய்வாளர்கள் படத்தைப் பார்த்தே பாதிப்பைச் சொல்லும் கணினி முறையை 2016ல் வெளியிட்டார்கள். அந்த மாதிரி கேமராக்கள் இன்னும் பல ஊருக்கு வர வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாகச் சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கு வரும் காலம் இது. மாத்திரை வாங்குகிற ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒருமுறை கண்மணியை விரிய வைத்துப் பார்த்துக்கொண்டால் எத்தனையோ கண்கள் லேசரோடு தப்பிக்கும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுப்பட்டிருந்தால் பலருக்கு அந்தக் கட்டமே வராது.

சித்தப்பா வெள்ளிக்கிழமை போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். நான் இன்னொரு கூட்டத்தாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர்களுக்குச் சர்க்கரை கிடையாது, பேசவும் தெரியாது.

கருவில் விழித்திரைக்குக் குழாய்கள் பதினாறாவது வாரம் வாக்கில் பார்வை நரம்பு நுழையும் இடத்திலிருந்து வளரத் தொடங்கி, பேறுகாலம் நெருங்கும்போதுதான் ஓரத்தை எட்டுகின்றன. அந்த வளர்ச்சியை நடத்துவதும் இதே வி.இ.ஜி.எஃப்.தான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அந்த வேலை பாதியில் நிற்கிறது. உயிரைக் காக்க ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். ஆக்சிஜன் மிகுந்தால் புரதம் சுரப்பது அடங்கி, குழாய் வளர்வது நின்றுபோகிறது. சில வாரங்களில் விழித்திரை முதிர்ந்து ஆக்சிஜன் தேவை கூடும்போது, குழாய் போகாத ஓரப்பகுதி தவித்துப்போய்ப் புரதத்தைக் கொட்டுகிறது. முறைகெட்ட குழாய்கள் முளைக்கின்றன. கவனிக்காவிட்டால் விழித்திரை பிய்ந்து, குழந்தை நிரந்தரமாகப் பார்வை இழக்கக்கூடும். அம்மாவுக்கு வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது.

1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையோடு பிறந்த ஒரு பெண் குழந்தை இப்படிப் பார்வை இழந்தது. கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று பெற்றோருக்கு உரிய நேரத்தில் சொல்லப்படவில்லை என்று கண்ட உச்ச நீதிமன்றம், 2015 ஜூலை 1 அன்று சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு குறைமாதக் குழந்தையின் கண் பரிசோதனையை எந்த மருத்துவமனையும் விருப்பப்பட்டால் செய்யும் காரியமாக நினைக்க முடியாது.

இந்தக் குழந்தைகளுக்கும் லேசர் உண்டு, ஊசியும் உண்டு. ஆனால் பச்சிளம் உடம்பில் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் வளர அதே புரதம் வேண்டியிருக்கிறது. கண்ணில் போட்ட மருந்தில் கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கும். அதனால் எந்தக் குழந்தைக்கு, எவ்வளவு, எப்போது என்று மருத்துவர்கள் மிகக் கவனமாக முடிவு செய்கிறார்கள். ஊசி போட்ட பிறகும் பல மாதங்கள் கண்ணைத் தொடர்ந்து பார்ப்பதும் அதனால்தான்.

நம் நாட்டு வழிகாட்டுதல் எளிமையானது. 34 வாரத்துக்கு முன்னால் பிறந்தாலோ, 2,000 கிராமுக்குக் குறைந்தாலோ, பிறந்த முப்பதாவது நாளுக்குள் விழித்திரையை ஒரு கண் மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன்னால் பிறந்தாலோ, 1,200 கிராமுக்குக் குறைந்தாலோ, இரண்டு மூன்று வாரத்திலேயே. வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருந்தால், ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். கண் பார்க்க வேண்டிய தேதி அதில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் நாளைக்கே போய்க் கேளுங்கள்.